ஆணுக்குக் காரணம், பெண்ணுக்குச் சுபாவம்

ஓசூர் வட்டாரத்துக் கடிகாரக் கம்பெனிகளும் மின்னணுக் கம்பெனிகளும் ஏன் பெண்களையே அதிகம் எடுக்கின்றன என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். பெண்களுக்கு விரல் நுட்பம் உண்டு, பொறுமை அதிகம், சொன்னதைக் கேட்பார்கள். எச்.ஆர். அலுவலகத்தில் இருப்பவர் இதைச் சொல்வார். கிராமம் கிராமமாகப் போய் ஆள் சேர்க்கும் ஏஜென்ட் சொல்வார். பெண்ணைப் பெற்றவர்களும் கொஞ்சம் பெருமையோடு இதையே சொல்வார்கள். இந்த மூன்று குணங்களில் முதலாவதை மட்டும் மேசை போட்டு அளந்துவிடலாம். உளவியல் அளந்தும் பார்த்திருக்கிறது.

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜோசப் டிஃபின் 1948-இல் ஆலைக்கு ஆள் தேர்ந்தெடுக்க ஒரு பலகையைச் செய்தார். இரண்டு வரிசைத் துளைகள், சிறு உலோகக் குச்சிகள், 30 விநாடி. அதற்குள் எத்தனை குச்சியைச் செருக முடிகிறது என்பதுதான் தேர்வு. பர்டியூ பெக்போர்டு என்று பெயர் பெற்ற அந்தப் பலகையும் அதன் வழித்தோன்றல்களும் உலகம் முழுக்க ஆள் எடுக்கும் அறைகளுக்குப் போயின. பெண்கள் தொடர்ந்து அதிக மதிப்பெண் வாங்கினார்கள். நுண்ணிய கைவேலை பெண்ணுக்கு இயற்கையிலேயே வரும் என்று பாடநூல்கள் எழுதிக்கொண்டன. 1990-இல் கனடாவின் கெல்ஃப் பல்கலைக்கழகத்து மைக்கேல் பீட்டர்ஸும் உடனாய்வாளர்களும், நாற்பது ஆண்டுகளாக எளிதாகச் செய்திருக்கக்கூடிய ஒரு வேலையைச் செய்தார்கள். தேர்வில் பங்கேற்றவர்களின் விரல் பருமனை அளந்தார்கள். பருமனைக் கணக்கில் சேர்த்ததும் ஆண் பெண் வித்தியாசம் மறைந்தது. சில ஆண்டுகள் கழித்து, குச்சிகளை விரலால் எடுக்காமல் இடுக்கியால் எடுக்கச் சொல்லிப் பார்த்தபோதும் பெண்களின் அனுகூலம் நிற்கவில்லை.

மெல்லிய விரல் சிறு குச்சியை எளிதாகப் பிடிக்கும். விஷயம் அவ்வளவுதான். கைக்கடிகாரம் கோக்கிற மேசையில் கண்ணில் லூப்பும் கையில் இடுக்கியும் இருக்கும். உள்ளே போகும் பாகத்தை விரலால் தொடவே கூடாது. அந்த மேசைக்கு விரல் நுட்பத்தைக் காரணம் காட்டி ஆள் எடுப்பதில் உள்ள வேடிக்கை அங்கே உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்குப் புரியும்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு விலையும் உண்டு. டயேன் எல்சனும் ரூத் பியர்சனும் 1981-இல் எழுதிய கட்டுரை அதைத்தான் சொன்னது. தைப்பது, பின்னுவது, பொறுக்குவது என்று வீட்டில் சிறுவயது முதல் பழக்கப்பட்ட கை அது. வெளியே பயிற்சி நிலையத்தில் கற்றிருந்தால் அதற்குச் சான்றிதழும் கூடுதல் சம்பளமும் கேட்கலாம். இயற்கை கொடுத்தது என்று சொல்லிவிட்டால் திறமைக்கு என்று தனியாக எதுவும் தர வேண்டியதில்லை. ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டருக்கு இருக்கும் மரியாதை அசெம்பிளி லைன் பெண்ணுக்கு இல்லாமல் போனதில் உளவியல் அளவைகளுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

உளவியல் ஆய்வில் பாலினப் பாரபட்சம் என்றதும் பெண்களை ஆய்வில் சேர்க்காமல் விட்டதைத்தான் முதலில் சொல்வார்கள். அது உண்மை, அதற்கும் வருகிறேன். தொழிற்சாலையின் கதை வேறு. அங்கே பெண்கள் ஆய்வில் தொடக்கம் முதலே இருந்தார்கள், சொல்லப்போனால் ஆண்களைவிட நெருக்கமாகக் கண்காணிக்கப்பட்டார்கள். ஆண் வேலையை மெதுவாக்கினால் ஏன் என்று கேட்டுப் புத்தகம் எழுதிய துறை, பெண் மெதுவாக்கினால் அவள் உடம்பையும் குணத்தையும் ஆராயப் போனது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இன்று நடக்கும் கருத்துக் கணிப்புகளையும் ஆள் தேர்வையும் இந்தக் கோணத்தில் படித்தால் நிறைய விளங்கும்.

களத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2004-இல். ஓசூரின் ஆலைக் கதை அதற்கு ஒரு தலைமுறை மூத்தது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்டு, டி.வி.எஸ். என்று லாரியும் மொபெட்டும் செய்யும் ஆலைகள் வந்தன. அவை ஆண்களின் ஆலைகள். 1980-களின் நடுவில் டாடாவும் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகளைப் பெண்கள் உட்பட எடுத்துக் கடிகாரம் செய்யப் பழக்கியது. இப்போதைய அலை வேறு அளவு. 2021 செப்டம்பரில் ஓலா நிறுவனம் போச்சம்பள்ளி ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள், 10,000 பேர் இருப்பார்கள் என்று அறிவித்தது. 2022 நவம்பரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், ஓசூரில் வரும் ஐபோன் ஆலையில் 60,000 பேர் வேலை செய்வார்கள், முதல் 6,000 பேர் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிப் பழங்குடிப் பெண்கள் என்றார். அறிவித்த எண்ணிக்கையும் உள்ளே போன எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கும் என்று நான் நம்புவதில்லை. ஆனால் ஷிஃப்ட் விடும் நேரத்தில் தேன்கனிக்கோட்டைச் சாலையில் வரிசையாகப் போகும் கம்பெனி பஸ்களைப் பார்த்தவர்களுக்கு அளவு தெரியும். இந்தியாவின் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். நாட்டின் முதன்மையான மனநல ஆய்வு நிறுவனமான நிமான்ஸின் முகவரியோ பெங்களூர் ஓசூர் சாலை. களமும் ஆய்வகமும் ஒரே சாலையில் இருக்கின்றன.

தொலைபேசி செய்த ஐந்து பேர்

சிகாகோவை ஒட்டி இருந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையும் தொலைபேசிக் கருவிகள் செய்த ஆலைதான். தொழில் உளவியலின் மூலக்கதை அங்கே 1924 முதல் 1932 வரை நடந்தது. மேலாண்மை படித்த யாருக்கும் 'ஹாதார்ன் விளைவு' தெரிந்திருக்கும். தொழிலாளரை அக்கறையோடு கவனித்தால், கவனிக்கிறார்கள் என்ற உணர்வாலேயே உற்பத்தி கூடும் என்பது வகுப்பில் சொல்லித்தரும் சுருக்கம். இதில் வரும் தொழிலாளர் யார் என்பதை வகுப்பில் பெரும்பாலும் சொல்வதில்லை.

1927 ஏப்ரலில் தனியறை ஒன்றில் ஐந்து இளம்பெண்களை உட்கார வைத்தார்கள். பாகங்களை எடுத்துக் கொடுக்க ஆறாவதாக ஒருத்தி. ஏறக்குறைய 35 பாகங்களைக் கோத்து ஒரு ரிலே செய்ய வேண்டும். ஒன்றுக்கு ஒரு நிமிடம் ஆகும். ஓய்வு இடைவேளையைக் கூட்டினார்கள், குறைத்தார்கள், வேலை நேரத்தை மாற்றினார்கள். உற்பத்தி ஏறிக்கொண்டே போய் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியது. அந்தப் பெண்களின் தூக்கம், சாப்பாடு, மாதவிலக்கு வரை குறிப்பெடுத்தார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் மருத்துவப் பரிசோதனையும் நடந்தது.

நான்கு ஆண்டு கழித்து, 1931 நவம்பரில், வேறோர் அறையில் 14 ஆண்களைக் கவனித்தார்கள். இவர்கள் தொலைபேசி இணைப்பகக் கருவிகளுக்குக் கம்பி இணைக்கும் பிரிவினர். உடம்புப் பரிசோதனை எதுவும் இல்லை. உற்பத்தி ஏறவும் இல்லை. தங்களுக்குள் ஒரு நாள் அளவு வைத்திருந்தார்கள். அதற்கு மேல் செய்கிறவனைப் பழித்தார்கள், புஜத்தில் ஓங்கிக் குத்தினார்கள். மேலே போய்ச் சொல்கிறவனை ஒதுக்கினார்கள். ஆய்வாளர்கள் இதில் ஒரு சமூகத்தையே கண்டார்கள். முறைசாரா அமைப்பு, குழு நெறி என்ற கருத்துகள் அங்கிருந்துதான் பாடநூலுக்கு வந்தன. இந்த ஆய்வுகளை விளக்கி எழுதிய எல்டன் மேயோவின் வட்டத்தினர் அந்த நெறிகளை அறிவார்ந்தவை என்று முழுக்க ஏற்கவில்லை. ஆனாலும் அந்த ஆண்களுக்கு நெறி என்று ஒன்று இருப்பதாக ஏற்றுக்கொண்டார்கள்.

பெண்கள் அறையிலும் இந்த மாதிரி எதிர்ப்பு தலைகாட்டியது. இரண்டு பேர் பேசிக்கொண்டே இருந்தார்கள், சொன்னபடி செய்யவில்லை, உற்பத்தியும் எதிர்பார்த்த அளவு இல்லை. மேலதிகாரி அறைக்குக் கூப்பிட்டுக் கண்டித்தும் திருந்தாததால் 1928 ஜனவரியில் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு வேறு இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். புதிதாக வந்தவர்களில் ஒருத்தி குடும்பப் பாரம் முழுவதையும் சுமந்தவள். அவள் வேகமாக வேலை செய்தாள், மற்றவர்களையும் விரட்டினாள். அதன் பிறகுதான் உற்பத்தி குறிப்பிடத்தக்க அளவு ஏறியது. கூலிமுறையும் மாறியிருந்தது. நூறு பேர் கொண்ட பிரிவின் சராசரிக்குப் பதில் இந்தச் சிறு குழுவின் உற்பத்திக்கே பணம் என்றானது; தான் கூடுதலாகச் செய்தால் தனக்கே வரும்.

ஜோன் ஆக்கரும் டொனால்ட் வான் ஹூட்டனும் 1974-இல் இந்தப் பதிவுகளை மறுபடி படித்தார்கள். அவர்கள் கண்டது எளிமையான விஷயம், 40 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாத விஷயம். பெண்களைத் தனித்தனியாகப் பொறுக்கி எடுத்தார்கள், அடங்காதவர்களை நீக்கினார்கள், வழக்கமான இடத்திலிருந்து பிரித்து ஆண் மேற்பார்வையாளர் பார்வையில் வைத்தார்கள். ஆண்கள் ஏற்கெனவே ஒன்றாக இருந்த குழு. அவர்களை யாரும் பொறுக்கவில்லை. கவனித்தவர் அதிகாரம் காட்டக் கூடாது என்றும் உத்தரவு. இரண்டு அறைகளும் இரண்டு வேறு சோதனைகள். முதல் அறையிலிருந்து 'தொழிலாளி அன்புக்கு இசைவார்' என்றும் இரண்டாம் அறையிலிருந்து 'தொழிலாளி குழுவாக இயங்குவார்' என்றும் பொதுவிதி எடுத்தபோது பால் வேறுபாடு கணக்கிலிருந்து நழுவிவிட்டது.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது அந்த வெளியேற்றப்பட்ட இருவர்தான். ஆண்கள் அறையில் நடந்திருந்தால் அவர்கள் செய்தது 'உற்பத்திக் கட்டுப்பாடு' என்ற அத்தியாயமாகியிருக்கும். பெண்கள் அறையில் அது ஒத்துழையாத குணம் ஆனது, ஆளை மாற்றியதோடு விஷயம் முடிந்தது.

அளவுகோலாக நின்ற ஆண்

விடுபட்ட பெண்களின் கதையை விரைவாகச் சொல்லலாம், ஏனெனில் அது ஓரளவு தெரிந்தது. வேலை அழுத்தம் பற்றிப் பேசும் எவரும் ராபர்ட் கராசெக்கின் 1979 மாதிரியைத் தொடாமல் போக முடியாது: பணிச்சுமை அதிகம், முடிவெடுக்கும் உரிமை குறைவு என்றால் மனம் நொறுங்கும் என்பது அது. ஓசூர் லைனுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும் அந்த மாதிரி, அமெரிக்க, சுவீடன் ஆண் தொழிலாளரின் தரவுகளில் கட்டப்பட்டது. அவசரக்காரருக்கு மாரடைப்பு வரும் என்ற 'டைப் ஏ' கருத்துக்கு ஆதாரமான கலிஃபோர்னிய ஆய்வில் இருந்தவர்கள் 3,154 பேர், எல்லாரும் ஆண்கள். பதவி குறையக் குறைய நோய் கூடும் என்று காட்டிய லண்டன் வைட்ஹால் ஆய்வின் முதல் சுற்றில் ஏறத்தாழ 18,000 ஆண்கள். பெண்கள் 1985-இல் தொடங்கிய இரண்டாம் சுற்றில்தான் வந்தார்கள். அறவளர்ச்சிக்குப் படிநிலை வகுத்த கோல்பெர்க் சிறுவர்களை மட்டும் வைத்து வகுத்ததை கரோல் கில்லிகன் 1982-இல் கேள்வி கேட்டார். ஷெல்லி டெய்லரும் சகாக்களும் 2000-இல் எண்ணிப் பார்த்தபோது, மன அழுத்தத்துக்கு உடல் எப்படி எதிர்வினை செய்கிறது என்ற ஆய்வுகளில் 1995-க்கு முன் பெண்களின் பங்கு 17 விழுக்காடுதான். போராடு அல்லது ஓடு என்று எல்லாரும் மனப்பாடம் செய்த விதிக்குப் பின்னால் இவ்வளவுதான் பெண்கள் இருந்தார்கள்.

நம் நாட்டுத் தொழில் உளவியலும் இதே வாசல் வழியாகத்தான் வந்தது. விக்ரம் சாராபாய் அகமதாபாத்தில் தொடங்கிய ஜவுளி ஆய்வு நிறுவனமான அடிராவில் உளவியல் பிரிவை வளர்த்தவர் கமலா சவுத்ரி என்ற பெண். ஆனால் இந்தியத் தொழில் உளவியல் என்றதும் உலகம் நினைவுகூர்வது, 1953-இல் லண்டன் தாவிஸ்டாக் ஆய்வு நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் அகமதாபாத் காலிகோ மில்லில் நடத்திய தறிக்கூடச் சோதனையை. தனித்தனி வேலையாகச் சிதறியிருந்த நெசவாளர்களைச் சிறு குழுக்களாக்கி, வேலையைத் தாங்களே பிரித்துக்கொள்ள விட்டார்கள். உற்பத்தியும் தரமும் கூடின. தறிகளில் நின்றவர்கள் ஆண்கள். இந்த நாட்டில் ஆண்களை வைத்துப் புகழ்பெற்ற சோதனை தன்னாட்சி பற்றியது. பெண்களை வைத்துப் புகழ்பெற்றது எதைப் பற்றியது என்று பிறகு சொல்கிறேன்.

மாதத்தில் மூன்று நாள்

லீட்டா ஹாலிங்வொர்த் என்ற நெப்ராஸ்கா பள்ளி ஆசிரியை நியூயார்க் வந்து கல்யாணம் செய்துகொண்டார். மணமான பெண்ணை ஆசிரியையாக எடுப்பதில்லை என்பது அந்த நகரத்தின் விதி. வேலை கிடைக்காததால் படிக்கப் போனார். மாதவிலக்கு நாட்களில் பெண்ணின் மூளையும் கையும் தளரும் என்று மருத்துவர்கள் எழுதிவந்ததைச் சோதிப்பதென்று முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். 23 பெண்களுக்கும் ஒப்பிட 2 ஆண்களுக்கும் வாரக்கணக்கில் கைவேகம், நினைவு, கவனம் என்று தேர்வு வைத்தார். 1914-இல் வந்த முடிவு: அந்த நாட்களில் எந்தச் சரிவும் இல்லை. நூறாண்டுக்கும் மேல் ஆகிவிட்டது. நம் கம்பெனிகளில் பெண்களின் 'அந்த நாள்' பற்றிப் பேச்சு வரும்போது உற்பத்தித் தளர்ச்சி என்ற பழைய கவலைதான் இன்னும் முன்னால் நிற்கிறது. கழிப்பறைக்குப் போக லைனை விட்டு எழுந்திருக்க முடிகிறதா, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், கேட்டால் அந்த ஆள் என்ன முகம் காட்டுவார் என்பதெல்லாம் அளக்கக்கூடிய விஷயங்கள். அளப்பது அரிது.

ஹாலிங்வொர்த்தின் கல்யாணக் கதையும் பழையதாகிவிடவில்லை. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் வேலைக்கு மணமான பெண்களைத் தவிர்க்கிறார்கள் என்று விரிவான செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. யார் சொல்வது சரி என்பது ஒருபுறம். ஆய்வாளருக்கு இதில் வேறொரு எச்சரிக்கை இருக்கிறது. ஆள் எடுக்கும்போதே இளவயது, மணமாகாதவர், ஹாஸ்டலில் தங்கச் சம்மதிப்பவர் என்று சலித்துவிட்ட கூட்டத்தில் போய் ஆய்வு செய்துவிட்டு, 'பெண் தொழிலாளர்களின் மனப்பாங்கு' என்று தலைப்பு வைக்க முடியாது. பணிவாகப் பதில் சொன்னார்கள் என்றால் பெண்கள் பணிவானவர்கள் என்று பொருளில்லை. கம்பெனி வைத்த சல்லடை நன்றாக வேலை செய்கிறது என்றுதான் பொருள்.

பணிவு உடையும்போது உளவியல் கொடுத்துவந்த பெயர் ஹிஸ்டீரியா. அதற்கு நமக்குக் கிட்டத்து உதாரணம் மலேசியா. சிலாங்கூரின் ஜப்பானிய மின்னணு ஆலைகளில் 1970-களின் இறுதியில் கிராமத்து மலாய்ப் பெண்களுக்கு லைனிலேயே பேய் பிடித்தது. ஒருத்தி நுண்ணோக்கிக்குள் ஆவியைக் கண்டு அலறுவாள். அலறல் வரிசை முழுக்கப் பரவும். நிர்வாகம் மயக்க மருந்து கொடுத்தது, வீட்டுக்கு அனுப்பியது, போமோ என்ற மலாய் மந்திரவாதியை அழைத்து ஆலையில் சடங்கு செய்தது, மறுபடி மறுபடி பிடித்தவர்களை வேலையை விட்டு நீக்கியது. அங்கே களப்பணி செய்த மானுடவியலாளர் ஐவா ஓங் 1987-இல் வெளியிட்ட நூலில் இதை வேறு விதமாகப் படித்தார். கழிப்பறை நேரம்வரை கண்காணிக்கப்பட்டு, வாய்திறந்து முறையிட வழியில்லாத இடத்தில், பேய்தான் முறையிட்டது. சாமியாடும் பெண்ணின் வாயிலிருந்து என்னென்ன வரும், யார் யாரைப் பற்றி வரும் என்பது அஞ்செட்டி, தளிப் பக்கத்து ஊர்த் திருவிழாக்களைப் பார்த்தவர்களுக்குப் புதிதல்ல. ஆலைக்குள் நடந்தால் மட்டும் அது நோயாகிவிடுகிறது.

படிவம் வந்து சேரும் வழி

ஓசூர் கம்பெனிகளைப் பற்றி அதிகம் எழுதப்படும் உளவியல், பெரிய பல்கலைக்கழகங்களிலிருந்து வருவதில்லை. எம்.பி.ஏ. மாணவர்களின் புராஜெக்ட் ரிப்போர்ட்டாக வருகிறது. பணி மனநிறைவு, வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலான சமநிலை, மன அழுத்த மேலாண்மை என்று தலைப்புகள் ஆண்டுதோறும் சுழலும். எச்.ஆர். அனுமதி தருவார். படிவத்தைச் சூப்பர்வைசர் வாங்கி டீ இடைவேளையில் விநியோகிப்பார். அவரே திரும்ப வாங்குவார். ஐந்து புள்ளி அளவையில் 'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை கட்டங்கள். படிவத்தைக் கையில் வாங்கும் பெண் பக்கத்தில் இருப்பவளிடம் கேட்கும் கேள்வி, "அக்கா, இதுல எதுல டிக் போட்டா வம்பு வராது?" அந்தக் கேள்விக்கு அளவையில் கட்டம் கிடையாது.

பிறகு அட்டவணை. முதல் வரிசை ஆண், பெண். இரண்டாவது மணமானவர், ஆகாதவர். கை-வர்க்கச் சோதனை போட்டு, பாலினத்துக்கும் மனநிறைவுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பில்லை என்று ஒரு வரி. அந்த வரியைப் பாரபட்சம் இல்லாததற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பட்டத்துக்கு மூன்று மாதத்தில் ஒரு ரிப்போர்ட் வேண்டும், கம்பெனி வாசலைத் திறக்க வேண்டும். வாசலைத் திறப்பவர் பிடிக்காத கேள்வியை அடிப்பார்.

கேள்வியின் மொழியும் இருக்கிறது. தமிழில் படிவம் அச்சடித்துவிட்டால் போதும் என்று நினைக்க முடியாத ஊர் இது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்து, சூப்பர்வைசரிடம் அரைகுறை ஆங்கிலம் கேட்டு வேலை செய்கிற பெண்கள் எல்லையோர கிராமங்கள் முழுக்க இருக்கிறார்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் இன்னொரு பக்கம். இதைவிடப் பெரிய சிக்கல், துன்பத்தை எந்த உறுப்பில் வைத்துச் சொல்கிறார்கள் என்பது. கோவாவில் விக்ரம் படேலும் குழுவினரும் 18 முதல் 50 வயதுவரையான 2,494 பெண்களிடம் ஆய்வு செய்தார்கள். வெள்ளைப்படுதல் என்று சொன்னவர்களைச் சோதித்தபோது, அந்தப் புகார் தொற்றுநோயைவிட மனத்துன்பத்தோடும் குடும்ப நெருக்கடியோடும் அதிகம் ஒட்டியிருந்தது. 2005-இல் வந்த முடிவு அது. அசதி, இடுப்புவலி, வெள்ளை என்று ஆலை மருந்தறைக்கு வரும் பெண் மாத்திரையோடு திரும்புகிறாள். 'கடந்த இரண்டு வாரத்தில் மனச்சோர்வு உண்டா' என்ற படிவத்தில் அதே பெண் இல்லை என்று டிக் போடுகிறாள். இரண்டு பதிவேடுகளையும் சேர்த்துப் படிப்பவர் இல்லை.

இங்கே நல்ல ஆய்வே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கணியம்பாடி வட்டாரத்தில் 359 கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்குப் பின்னும் தொடர்ந்து பார்த்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு, பிரசவத்துக்குப் பின் 11 விழுக்காட்டினருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்ததைக் கண்டது. என்னைக் கவர்ந்தது அவர்கள் கேட்ட கேள்விகள். ஆண் குழந்தை எதிர்பார்த்து பெண் பிறந்ததா, மாமியாரோடு உறவு எப்படி, பெற்றோரோடு எப்படி, வருமானம் எவ்வளவு. ஹார்மோனோடு நின்றுவிடாமல் வீட்டுக்குள் போனார்கள், காரணங்கள் அங்கே இருந்தன. பெண் சிசுக்கொலைக்குப் பெயர் பெற்றிருந்த பழைய தருமபுரி மாவட்டத்தின் ஒரு பாதிதான் இன்றைய கிருஷ்ணகிரி. அப்படிப்பட்ட ஊரில் பெண்ணின் மனநிலையை இந்தக் கேள்விகள் இல்லாமல் அளப்பது வெறும் காகித வேலை.

பெங்களூரின் பரிசோதனைகள்

பெண் தொழிலாளரை வைத்து நம் பக்கத்தில் நடந்து உலகப் புகழ் பெற்ற சோதனை எதுவென்றால், பெங்களூர் ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் ஆயத்த ஆடை ஆலைகளில் நடந்தது. அச்யுதா அத்வர்யு, நம்ரதா கலா, அனந்த் நிஷாதம் என்ற பொருளியலாளர்கள் நடத்தியது. தையல் லைன் பெண்களில் குலுக்கல் முறையில் சிலருக்கு மட்டும் பேசும் திறன், நேர மேலாண்மை, தன்னம்பிக்கை போன்ற மென்திறன் பயிற்சி. பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித்திறன் 13.5 விழுக்காடு கூடியது. கூச்சம் குறைந்து கலகலப்பு கூடியதையும் உளவியல் அளவை காட்டியது. சம்பளம் கூடியது 0.5 விழுக்காடு. இந்தக் கடைசி எண்ணை மறைக்காமல் எழுதியதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும்.

இன்னொரு சோதனை, அதே ஆலைகளில், இன்னும் துல்லியமானது. கர்நாடகத்தில் 2016-இல் அறிவித்த சம்பள உயர்வு தொழிலாளர் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. உயர்வு வந்த கையோடு சிலரிடம் மட்டும், வேலை, சம்பளம், சூப்பர்வைசர் பற்றி உங்கள் கருத்து என்ன என்று ஒரு கருத்துக்கணிப்பு நடத்தினார்கள். கேட்டதோடு சரி. அப்படிக் கேட்கப்பட்டவர்கள் வேலையை விட்டுப் போவது ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது.

முறையியலில் குறை சொல்ல முடியாத ஆய்வுகள் இவை. பெண்கள் விடுபடவில்லை, அவர்கள்தான் மாதிரியின் பெரும்பகுதி. இருந்தும் எனக்கு ஹாதார்ன் ஞாபகம் வருகிறது. அங்கேயும் 1928 முதல் 1930 வரை 21,000 பேருக்கு மேல் பேட்டி கண்டார்கள். மனக்குறையைக் கொட்டிவிட்டால் தொழிலாளி சமாதானமாகிவிடுவார் என்பது கண்டறிந்த பயன். அகமதாபாத் தறிக்கூடத்தில் சோதித்தது வேலையின் அமைப்பை. பெங்களூர்த் தையல் லைனில் சோதித்தது தொழிலாளியின் குணத்தை. ஒரு லைனின் டார்கெட்டை யார் நிர்ணயிப்பது என்பதைக் குலுக்கல் போட்டு மாற்றிப் பார்த்து, அந்தப் பெண்களின் தூக்கமும் மனநிலையும் எப்படி மாறுகின்றன என்று ஓர் ஆய்வு செய்யலாம். அதற்கும் இதே புள்ளியியல்தான் வேண்டும். வேறாக இருக்க வேண்டியது அனுமதி தருபவரின் மனம்.

ஆணை யாரும் கேட்பதில்லை

பாரபட்சம் ஒரு பக்கம் மட்டும் வெட்டுவதில்லை. நிமான்ஸ் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனநலக் கோளாறு ஆண்களுக்கு 13.9 விழுக்காடு, பெண்களுக்கு 7.5 விழுக்காடு என்று வந்தது. பெண்களுக்குத்தான் மனப் பிரச்சினை அதிகம் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு இது அதிர்ச்சி. மதுவைச் சேர்த்ததால் ஆண்களின் எண் ஏறியது. சோர்வு, பதற்றம் என்று தனியாகப் பார்த்தால் பெண்களே அதிகம். குடிக்கிற ஆணின் துயரத்தைக் குடி என்ற தலைப்பின் கீழ் எழுதுகிறோம், குடிக்காத பெண்ணின் துயரத்தைச் சோர்வு என்ற தலைப்பின் கீழ். இரண்டும் ஒரே வீட்டில் நடக்கலாம். வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பில் ஹாஸ்டலில் எட்டுப் பேர் அறையில் இருப்பவள் எளிதாக நழுவிவிடுவாள் என்பதும் உண்டு.

தற்கொலைப் புள்ளிவிவரத்தில் இன்னும் அப்பட்டம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021 அறிக்கையில் தற்கொலை செய்துகொண்ட பெண்கள் 45,026 பேர். அதில் 23,178 பேர் தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி. ஆண்களைத் தினக்கூலி, விவசாயி, சுயதொழில் என்று வேலைவாரியாகப் பிரித்து, அதிலிருந்து கடன், வேலையிழப்பு என்று காரணம் தேடுகிறோம். தக்காளித் தோட்டத்திலும் பசுமைக்குடில் ரோஜாவிலும் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்த பெண்கூட அந்தப் பட்டியலில் இல்லத்தரசியாகிவிடக்கூடும். அப்புறம் காரணம் குடும்பப் பிரச்சினைதானே.

கம்பெனிகளுக்குள்ளும் இதே இரட்டைப் பதிவு நடக்கிறது. வேலையை விடும்போது நிரப்பும் படிவத்தில் ஆண்கள் சம்பளம், வேறு வாய்ப்பு, சூப்பர்வைசரோடு தகராறு என்று எழுதுவார்கள். பெண்களுக்குத் திருமணம் அல்லது குடும்பச் சூழல். அப்படி எழுதினால் யாரும் மேலே கேட்பதில்லை, செட்டில்மென்ட் தாமதமில்லாமல் வரும் என்று அவர்களுக்கும் தெரியும். பெண்கள் நிலைப்பதில்லை, கல்யாணமானால் போய்விடுவார்கள் என்ற ஆய்வு முடிவுகள் இந்தப் படிவங்களிலிருந்துதான் எழுகின்றன. சரிபார்க்க முடியாத விஷயமும் அல்ல இது. 2014 முதல் ஒவ்வொரு தொழிலாளிக்கும் வருங்கால வைப்பு நிதியில் கம்பெனி மாறினாலும் மாறாத ஒரே எண் இருக்கிறது. கல்யாணம் என்று எழுதிவிட்டுப் போனவர்களில் எத்தனை பேர் கணக்கில் மூன்று மாதம் கழித்து அத்திப்பள்ளியிலோ பொம்மசந்திராவிலோ இருக்கும் இன்னொரு கம்பெனி பணம் கட்டத் தொடங்குகிறது என்று, பெயரை மறைத்த தரவிலிருந்தே எண்ணிவிடலாம்.